ஏழரை எட்டான கதை

நீங்கள் அடுத்த மாதம் பிடுங்கி எறியப் போகிற அந்தப் பழைய டேட்டாபேஸ் கனெக்ஷனை வைத்தவன் நான்தான். 'யார் வெச்சான் இதை?' என்று இப்போது சிஸ்டம் பிரிவில் இருக்கும் உங்களில் ஒருவர் கூட்டத்தில் கேட்டதாகக் காதில் விழுந்தது. ஓய்வு பெற்றவனுக்கு இப்படிப்பட்ட செய்திகள் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடும். கோபமில்லை. நான் வைத்தபோது அது புத்தம் புதியது. அதற்கு முன்பிருந்ததைப் பார்த்து, இன்று நீங்கள் சுளிப்பதைவிட அதிகமாக நான் முகம் சுளித்திருக்கிறேன்.

எப்படி மாற்றுவது என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அதை மாற்றியபோது என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இந்தக் கதையில் நான் நல்லவனாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் ஏமாற வேண்டாம்.

நம் கம்பெனியில் என் பதவிக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தையல் பகுதியிலிருந்து கேண்டீன் வரை எல்லோருக்கும் நான் 'சிஸ்டம் சார்'. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சிஸ்டம் சார், ஃபேன் சுற்றாவிட்டாலும் சிஸ்டம் சார். ஆனால் ஆர்டர் பதியும் புரோகிராம் மட்டும் முழுக்க முழுக்க என் கையால் எழுதியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டரை, எந்த மாடல், எந்த சைஸ், எத்தனை ஜோடி என்று அதில் அடித்து வைத்தால், தோல் வெட்டும் பகுதிக்குச் சீட்டு அச்சாகிப் போகும். அந்தச் சீட்டில் உள்ளபடிதான் வெட்டுவார்கள். ஆம்பூரில் இந்த மாதிரி புரோகிராம் வேறு எந்த ஷூ கம்பெனியிலும் இல்லை என்று நான் நம்பினேன். வேறு கம்பெனிகளுக்குள் போய்ப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

புதிய கம்ப்யூட்டர்கள் வந்தபோதுதான் வம்பு தொடங்கியது. புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று தகவலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய கனெக்ஷன் அந்தக் கம்ப்யூட்டர்களில் ஓட மறுத்தது. புதியதற்கு மாற வேண்டும். பழையது ரொம்பச் சாது. நாம் எதைக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொண்டு போய் வைத்துவிடும். புதியது கறார். 'நீ கொடுக்கப்போவது முழு எண்ணா, பின்னமா, எழுத்தா?' என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்லும்.

எழுதிக் கொடுத்தேன். 'எத்தனை ஜோடி' என்ற இடத்துக்கு முழு எண் என்று எழுதினேன். அது சரிதான், அரை ஜோடி ஷூ யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்தது 'சைஸ்'. மேல் வரியைக் காப்பி எடுத்து, கீழே ஒட்டி, பெயரை மட்டும் மாற்றினேன். முழு எண் என்பது அப்படியே இருந்துவிட்டது. என் பணி வாழ்க்கையின் மிகப் பெரிய தவறைச் செய்ய எனக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. இவ்வளவு வேகமாக நான் வேறு எதையும் செய்து முடித்ததில்லை.

சோதிக்காமல் விட்டேனா? அதுதான் இல்லை. மூன்று வாரம் சோதித்தேன். அப்போது கையிலிருந்த ஆர்டர்கள் எல்லாம் ஐரோப்பிய அளவு. முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று முழுசு முழுசாகப் போகும். எல்லாம் பொருந்தியது. 'இந்த மாற்றத்தை நீங்கள் யாரும் உணரவே மாட்டீர்கள்' என்று கம்பெனி முழுவதற்கும் மெயில் போட்டேன். ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பி மக்கன் பேடா வரவழைத்து, மேனேஜர் அறை முதல் வாட்ச்மேன் வரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த இனிப்பு தீர்வதற்குள் இங்கிலாந்து ஆர்டர் வந்தது. ஆண்கள் ஷூ. அவர்களுடைய அளவு உங்களுக்குத் தெரியும்: ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை, எட்டு, எட்டரை என்று பத்து வரை அரை அரையாகப் போகும்.

ஆர்டர் பதிகிறவர் எஸ்தர். ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள்கூட எஸ்தர் அடித்ததா என்று கேட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு பெயர் அவருக்கு. அவர் அந்த ஆர்டரைச் சரியாகத்தான் அடித்தார். மொத்த ஜோடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. சீட்டு அச்சாகி வெட்டும் பகுதிக்குப் போனது.

நாலு நாள் கழித்து என் அறைக் கதவைத் தட்டியவர் கவுஸ் பாய். வெட்டும் பகுதியில் 'டை' வைத்திருக்கும் அலமாரிகள் அவர் பொறுப்பு. டை என்பது தோலை வெட்டுகிற இரும்பு அச்சு. ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனி டை. சீட்டைப் பார்த்து அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

"சார், அரை சைஸ் டை ஒண்ணுகூட யாரும் கேக்கல. எல்லாம் அலமாரியிலயே குந்திக்கினு இருக்குது. எட்டு டைக்கு மட்டும் சண்ட போட்டுக்கறானுங்க. இன்னா விஷயம்?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சீட்டுல இன்னா இருக்குதோ அதானே பாய் கேப்பாங்க? வேலை கம்மியாச்சுன்னு சந்தோஷமா இருங்க."

"அது இல்ல சார், இங்லண்டு மால்ல அரை இல்லாம..."

"பாய், ஆர்டர் போடறவன் அவன். அவனுக்குத் தெரியாதா?"

அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் நாற்காலியிலிருந்து அந்த அலமாரிக்கு ஐம்பது அடி. நான் எழுந்து போகவில்லை. ஒரு டையைக் கையில் வைத்திருப்பவர் வந்து 'ஏதோ சரியில்லை' என்று சொன்னால், திரையை விட்டுவிட்டு எழுந்து அவர் பின்னால் போங்கள். இந்தக் கதையில் உங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் நினைவிருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அடுத்த வாரம் வெடித்தது. வெளியிலிருந்து சோல் பெட்டிகள் வந்து இறங்கின. சோல் வாங்குகிறவர்கள் என் புரோகிராமைப் பார்ப்பதில்லை, இங்கிலாந்துக்காரன் அனுப்பிய தாளைப் பார்த்து நேராகச் சொல்லிவிடுவார்கள். அதனால் அரை சைஸ் சோல்கள் ஒழுங்காக வந்திருந்தன. மேலே ஒட்ட வேண்டிய தோல் பாகம் மட்டும் அரை சைஸில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் ஆறும் எட்டும் பத்தும் மலை மாதிரி குவிந்து கிடந்தன.

மேனேஜர் எங்களை அழைத்தார். நான், எஸ்தர், வெட்டும் பகுதியின் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் சீட்டுகளை நீட்டினார். சீட்டில் அரை இல்லை. அப்படியானால் ஆர்டரில் பிழை. மேனேஜர் எஸ்தரைப் பார்த்தார்.

"நான் அரை சைஸ் அடிச்சேன் சார்" என்றார் எஸ்தர்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "சிஸ்டத்துல இன்னா இருக்குது? பாத்து சொல்லுங்க."

நான் போனேன். டேட்டாபேஸைத் திறந்தேன். அந்த ஆர்டரில் எட்டு என்ற சைஸ் மூன்று வரிகளில், மூன்று வேறு எண்ணிக்கைகளோடு இருந்தது. எந்த மனிதன் ஒரே சைஸை மூன்று தடவை அடிப்பான்? இதைப் பார்த்த நொடியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு: 'பார், ஒரே சைஸை மூன்று தடவை அடித்திருக்கிறார், எவ்வளவு கவனக்குறைவு!' அதையும் சேர்த்து அவர் தலையில் போட்டேன்.

திரும்பி வந்து, நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "சிஸ்டத்துல அரை சைஸே இல்ல சார். அடிக்கல."

"நான் அடிச்சேன் சார்" என்றார் எஸ்தர் மறுபடியும். இந்த முறை என்னைப் பார்த்து.

"கம்ப்யூட்டர் தானா மாத்துமா எஸ்தர்?" என்றேன். அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு கனிவான குரலில் சொன்னேன் என்பது இப்போது நினைத்தாலும் கூச வைக்கிறது.

அந்த ஆர்டரை மட்டும் வெட்டாமல் நிறுத்தி வைக்கச் சொன்னார் மேனேஜர். எஸ்தரிடம், தன் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் மேலே பேசிப் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் வேலைக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். எஸ்தர் அங்கேயே நின்றபடி எழுதினார். அவர் கையெழுத்துப் போடும்போது நான் ஜன்னல் வழியாகக் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பஸ்ஸில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

மறுநாள் காலை, வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எஸ்தர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், என் சீட்டாண்ட கொஞ்சம் வாங்க."

"இன்னா ஆச்சும்மா?"

"வாங்க சார். சொல்றேன்."

போனேன். அந்த ஆர்டரைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். ஒரு வரி அடித்தார். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ நான் இன்னா அடிச்சேன்? பாத்து சொல்லுங்க."

"ஏழரை."

"நல்லா பாத்து சொல்லுங்க சார்."

"ஏழு புள்ளி அஞ்சு."

சேமித்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

எட்டு.

அடுத்து எட்டரை அடித்தார். சேமித்து, மூடித் திறந்தார். அதுவும் எட்டு. ஆறரை அடித்தார். ஆறு ஆனது.

"தானா மாத்துமான்னு கேட்டீங்களே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்டிருக்காது.

எனக்குக் காரணம் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. முழு எண் மட்டும் போக வேண்டிய இடத்தில் பின்னம் போனால், அதை முழு எண்ணாக்கித்தான் அனுப்பும். சரியாகப் பாதி வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளிவிடும். ஏழரையும் எட்டு, எட்டரையும் எட்டு. மூன்று எட்டும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கிவிட்டது. ஜோடிகளின் எண்ணிக்கை மட்டும் மாறாது, அதனால் மொத்தம் எப்போதும் சரியாகவே இருக்கும். ஏழரை என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் சனிதான் நினைவுக்கு வரும். எனக்கு அதை நானே டைப் செய்து வரவழைத்த பெருமை உண்டு.

அப்போது என் மனம் எங்கே போனது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்குப் போகவில்லை. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்பதற்குப் போனது. பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டால் இனிமேல் ஏழரை ஏழரையாகவே இருக்கும். யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

"நீங்க கொஞ்சம் வெயிட் பண்ணுங்கம்மா. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்றேன்.

எஸ்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புரோகிராமை சரி பண்ணிடுவீங்க சார். என்னை இன்னா பண்ணுவீங்க?"

மேனேஜர் அறைக்கு நடந்தேன். தைரியம் வந்து நடந்தேன் என்று நினைக்காதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் நிற்க முடியாமல் நடந்தேன். போகிற வழியெல்லாம் வாக்கியம் தேடிக்கொண்டே போனேன். அழகான ஒன்று கிடைத்தது.

"சார், நேத்து விஷயம்... அது டிரைவர்ல ஒரு சின்னப் பிரச்சினை."

மேனேஜர் ஃபோனைக் கீழே வைத்தார். "எந்த டிரைவர்? ஆலங்காயம் பஸ்ஸா?"

"இல்ல சார், டேட்டாபேஸ் டிரைவர். புதுசா மாத்தினோமே, அந்த இன்டர்ஃபேஸ்ல டைப் கன்வர்ஷன்..."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. யார் பண்ண தப்பு?"

ஆங்கிலச் சொற்கள் கைவசம் இன்னும் நிறைய இருந்தன. ஆனால் அந்தக் கேள்விக்கு எதுவும் பொருந்தவில்லை.

"நான் பண்ண தப்பு சார். அந்தப் பொண்ணு சரியாத்தான் அடிச்சிருக்குது."

"நேத்து நீங்கதானே போய்ப் பாத்துட்டு வந்து சொன்னீங்க, அடிக்கலன்னு?"

"ஆமா சார்."

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"ஆமா சார்."

"அப்போ போங்க. கட்டிங்ல போய் எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்."

வெட்டும் மெஷின்களை நிறுத்தினார்கள். ஐம்பது அறுபது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மக்கன் பேடா கொடுக்க வந்தபோதும் இப்படித்தான் பார்த்தார்கள், ஆனால் அன்று சிரித்த முகங்கள். நான் பேசினேன். 'சத்தமா சார்!' என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். தன் தப்பை ஒரே நாளில் இத்தனை முறை சொன்னவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கவுஸ் பாய் அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "சந்தோஷமா இருங்கன்னு சொன்னீங்க சார். நானும் ஒரு வாரம் சந்தோஷமாத்தான் இருந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தாங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்த மனிதர் சிரிப்போடு நிற்கவில்லை. தைக்காமல் கிடந்த எட்டு சைஸ் துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் ஏழரை டையை வைத்துக் காட்டினார். பெரிய துண்டைச் சின்னதாக வெட்ட முடியும். கூடுதலாக இருந்த எட்டுகளிலிருந்து ஏழரை வந்துவிடும், பத்திலிருந்து ஒன்பதரை வந்துவிடும். ஆறரைக்கும் எட்டரைக்கும் மட்டும் புதிய தோல் வேண்டும். சின்னதைப் பெரியதாக்க யாராலும் முடியாது. அதே சாயத்தில் கொஞ்சம் தோல் வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரியில் மீதி இருப்பது மத்தியானத்துக்குள் தெரிந்தது. அதை வரவழைத்து, சூரிய வெளிச்சத்தில் பழைய தோலோடு வைத்துப் பார்த்தபோது நிறம் ஒத்துப்போனது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெட்டும் பகுதியில் எல்லோரும் வந்தார்கள். கவுஸ் பாய் தன் அக்கா பேத்தியின் நிச்சயத்துக்குப் போகவில்லை. சரக்கு ஏற வேண்டிய கப்பல் அதற்குள் போய்விட்டது, அடுத்த கப்பலில்தான் அனுப்பினோம். இங்கிலாந்துக்காரனுக்கு மேனேஜர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எனக்கு மெமோ வந்தது. நியாயமான மெமோ. அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. சுட்டிக்காட்டும் நிலையில் நான் இல்லை.

எஸ்தரின் கடிதம் மட்டும் மேனேஜரின் மேஜை டிராயரில் இருந்தது. நான் வெட்டும் பகுதியில் பேசிவிட்டு வந்த அன்று மாலையே அதைக் கேட்டு வாங்கினேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்று எஸ்தரிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஏதோ பெரிய பரிசு கொண்டு போகிற மாதிரி போனேன்.

அவர் கிழிக்க விடவில்லை.

"குடுங்க சார். அது வேணும் எனக்கு."

"எதுக்கும்மா?"

"நேத்து வூட்ல போய் சொன்னேன். எங்க வூட்டுக்காரர் இன்னா சொன்னார் தெரியுமா? 'கம்ப்யூட்டர்ல இல்லன்னா நீதான் அடிக்காம வுட்டிருப்ப'ன்னாரு. எங்க மாமியாரும் அதேதான். இதுங்கீழ நீங்க எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. அவங்க படிக்கணும்."

உட்கார்ந்து எழுதினேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் இந்தத் தவறு நேர்ந்தது. இதற்கு எஸ்தர் பொறுப்பல்ல' என்று எழுதி நீட்டினேன். எனக்கே பிடித்திருந்தது.

எஸ்தர் படித்தார். "யார் பண்ணாங்கன்னு இல்லையே சார்."

அதை அடித்துவிட்டு, 'சிஸ்டம் பிரிவில் ஏற்பட்ட பிழை' என்று எழுதினேன்.

"சிஸ்டம் பிரிவுல எத்தினி பேர் இருக்கீங்க?"

நான் ஒருவன்தான். அது அவருக்கும் தெரியும்.

மூன்றாவதாக எழுதினேன். 'எஸ்தர் சரியாகத்தான் அடித்தார். நான் எழுதிய புரோகிராம் அதைத் தப்பாக மாற்றிவிட்டது. அதைப் பார்க்காமலேயே அவர் அடிக்கவில்லை என்று நான் எல்லோர் முன்பும் சொன்னேன். அது பொய். தப்பு என்னுடையது.' கீழே கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ ஆயிரம் வரி புரோகிராம் எழுதியிருக்கிறேன். இந்த நாலு வரிக்கு வியர்த்த மாதிரி எதற்கும் வியர்த்ததில்லை.

உங்களுக்கும் ஏதாவது ஒரு நாள் இப்படி ஒரு தாள் எழுத வேண்டி வரும். 'நேர்ந்தது', 'ஏற்பட்டது' என்று கை தானாகப் போகும். அந்தச் சொற்களை அடித்துவிட்டு ஆள் பெயரைப் போடுங்கள். பாதி நேரம் அது உங்கள் பெயராகத்தான் இருக்கும்.

எஸ்தர் அதை இரண்டு முறை படித்தார். நாலாக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். 'தேங்க்ஸ்' சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் அதற்குள் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டிருந்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்த ஆர்டரை முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினார். ஆறு. ஆறரை. ஏழு. நான் நகரவில்லை. இந்த முறை சரியாகப் போகிறதா என்று அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் திரும்பாமலேயே சொன்னார்: "போங்க சார். நீங்க பின்னால நின்னா எனக்குத் தப்பு வரும்."